கோட்டா ராமசாமி: 40 வயதில் டெஸ்ட், சராசரி 56, இறந்த ஆண்டு? குறிப்பு எழுத உதவி வேண்டும்

வெள்ளைச்சட்டை கேட்டது:

எங்கள் கிளப்பின் ஆண்டு மலருக்குப் பழைய சென்னை ஆட்டக்காரர்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் என்று ஒரு பகுதி வருகிறது. சி. ராமசாமி என் பங்கு. புச்சிபாபு நாயுடுவின் மகன், டென்னிசில் டேவிஸ் கோப்பை, கிரிக்கெட்டில் 1936 இங்கிலாந்துப் பயணம். இது வரைக்கும் சிக்கல் இல்லை. எழுத உட்கார்ந்தால் நாலு இடத்தில் தட்டுகிறது.

ஒன்று, 40 வயதில் முதல் டெஸ்ட். "வாய்ப்பு மறுக்கப்பட்டவர்" என்று எழுதலாமா? இரண்டு, டெஸ்ட் சராசரி ஒரு இடத்தில் 56.66, இன்னொரு இடத்தில் 56.67. எது சரி? இதை வைத்து அதே அணியின் தொடக்க ஆட்டக்காரர் மெர்ச்சன்டைவிட மேல் என்று சிலர் எழுதுகிறார்கள், அது நியாயமா? மூன்று, அப்பா நாயுடு, அண்ணன்மார் பெயருக்கு முன் "எம்.", இவருக்கு மட்டும் "சி." ஏன்? நான்கு, இறந்த தேதி. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, சில இடங்களில் கேள்விக்குறி.

அமெச்சூர் (ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவர்) காலத்து ஆட்டக்காரர் என்பதை மலர் படிக்கிற பையன்களுக்கு எப்படி விளக்குவது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஸ்கோர்புத்தகம் பதில்:

முதலில் வயது. பிறந்தது 16 ஜூன் 1896. முதல் டெஸ்ட் தொடங்கியது 25 ஜூலை 1936, மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்ட். ஜூன் 16-இலிருந்து ஜூலை 16 வரை 30 நாள், அங்கிருந்து 25 வரை இன்னும் 9. ஆக 40 வருடம் 39 நாள். இந்தியாவுக்கு இதைவிட அதிக வயதில் அறிமுகமானவர் ருஸ்தம்ஜி ஜம்ஷெட்ஜி ஒருவர்தான்: 1933 டிசம்பர், பம்பாய், 41 வருடம் 27 நாள். ஆகவே "இந்தியாவின் மிக மூத்த அறிமுகம்" என்று எழுதிவிடாதீர்கள், ராமசாமி இரண்டாவது. ரொம்பப் பேர் விழுகிற குழி இது.

"வாய்ப்பு மறுக்கப்பட்டவர்" என்பதை எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் 25 ஜூன் 1932, லார்ட்ஸ். அன்றைக்கே ராமசாமிக்கு 36 நிறைந்துவிட்டது. அதற்கு முன் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் இந்தியாவுக்காக ஆட ஒரு டெஸ்ட் கிடையாது. 1932-இல் ஒன்று, 1933-34-இல் ஜார்டினின் இங்கிலாந்து அணி இங்கே வந்தபோது மூன்று (பம்பாய், கல்கத்தா, சென்னை சேப்பாக்கம்), 1936 லார்ட்ஸில் ஒன்று. மொத்தம் ஐந்து. இவர் இறங்கியது இந்தியாவின் ஆறாவது டெஸ்ட். அடுத்து ஓவல், ஏழாவது. அதன்பின் இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில். அந்த மாதம் இவருக்கு 50 நிறைகிறது.

இவருடைய ஆட்டக்காலம் முழுவதிலும் நடந்ததே ஏழு டெஸ்ட், அதில் இரண்டில் ஆடினார். 20 வயதிலிருந்து 35 வரை, ஒரு பேட்ஸ்மேனின் கை நன்றாக ஓடுகிற வருடங்களில், நாட்டுக்கு டெஸ்ட் அணியே இல்லை. 40 வயது என்பது அவருடைய தாமதம் இல்லை, நாட்டினுடையது. குறிப்பின் நடுநாயகமாக இதை வைத்தால் மற்றதெல்லாம் தானாக உட்காரும். 1933-34-இல் சொந்த ஊரான சேப்பாக்கத்திலேயே டெஸ்ட் நடந்தும் அணியில் இல்லையே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் அதை ஒரே வரியில் தகவலாகச் சொல்லி நிறுத்துங்கள். சதி என்று எழுதக் கையில் ஆதாரம் வேண்டும்.

இனி சராசரி. நாலு இன்னிங்ஸ்: மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. கூட்டினால் 170. அவுட் ஆனது மூன்று தடவை. 170-ஐ மூன்றால் வகுத்தால் 56.666 என்று ஓடிக்கொண்டே போகும். சில பதிவேடுகள் இரண்டு தசமத்தோடு வெட்டிவிடும், அங்கே 56.66. சில முழுமையாக்கும், அங்கே 56.67. இரண்டுமே தப்பில்லை. மலர் முழுக்க ஒரே முறையைப் பிடியுங்கள், போதும். ஒருவருக்கு வெட்டி, இன்னொருவருக்கு ஏற்றிப் போட்டால்தான் ஒப்பீடு கெடும்.

அந்த எண்ணை வைத்து யாரோடும் ஒப்பிடக் கூடாது. மூன்றே அவுட்டில் நிற்கிற சராசரி அது. ஓவலில் இன்னும் ஒரு பந்தில் 41-இலேயே அவுட் ஆகியிருந்தால் 170-ஐ நாலால் வகுக்க வேண்டும், 42.50. ஒரு விக்கெட்டில் 14 ரன் கீழே இறங்குகிற சராசரியை வைத்துக்கொண்டு மெர்ச்சன்ட் மேலா இவர் மேலா என்று பேசுவது இருவருக்குமே நல்லதில்லை. நாலு இன்னிங்ஸிலும் 29-க்குக் கீழே போகவில்லை என்று எழுதுங்கள். அது உண்மை, அதன் எடையும் படிப்பவருக்குப் புரியும்.

முதல்தர ஆட்டங்களில் (டெஸ்டும் ரஞ்சி போன்ற பெரிய உள்நாட்டு ஆட்டங்களும்) கணக்கு வேறு முகம் காட்டும்: 53 ஆட்டம், 2,400 ரன், சராசரி 28.91. 1915-16-இலிருந்து 1941-42 வரை, ஏறக்குறைய 27 சீசன். வருடத்துக்கு இரண்டு ஆட்டம்கூட முழுசாகத் தேறவில்லை. ரஞ்சிப் போட்டி 1934 நவம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் சென்னைக்காரருக்கு முதல்தர ஆட்டம் என்றால் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கிற பிரசிடென்சி மேட்ச், இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும். அதைவிட்டால் வெளியூர் அணி ஏதாவது வந்தால் உண்டு. வருடத்துக்கு ஓரிரு தடவை ஆடி 28.91 வைத்திருப்பதை, இன்றைக்கு வருடத்துக்கு எட்டு பத்து ரஞ்சி ஆட்டம் ஆடுபவரின் 28.91-உடன் ஒரே தட்டில் வைக்க முடியாது.

---

லஸ்முனை பதில்:

"சி." பற்றி நான் சொல்கிறேன். தமிழ் வாசகர் அதை அப்பா பெயரின் முதலெழுத்து என்றுதான் எடுத்துக்கொள்வார். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. இது தெலுங்குக் குடும்பம். முன்னால் வருவது இண்டிபேர், அதாவது வீட்டுப்பெயர். புச்சிபாபுவின் வீட்டுப்பெயர் மோதவரபு, அதனால் மகன்கள் எம். வெங்கடராமானுஜுலு, எம். பாலையா. ராமசாமியைத் தாய்வழித் தாத்தா குடும்பத்தில் தத்து எடுத்துக்கொண்டார்கள், அவர்களுடைய வீட்டுப்பெயர் கோட்டா, ஆங்கிலத்தில் Cota. அதனால் இவர் சி. ராமசாமி. ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்து வந்தது இப்படித்தான். எழுத்தைப் பார்த்துவிட்டு இவரை மருமகன், ஒன்றுவிட்ட சகோதரர் என்றெல்லாம் யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

தேடும்போது வருகிற தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில அட்டவணைகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "ர" வரிசையில் வைக்கும். டென்னிஸ் பதிவுகளில் கோட்டா என்பதன் கடைசியில் ஒரு "ஹெச்" சேர்ந்திருக்கும், சில இடங்களில் ராமசாமியின் கடைசி எழுத்தும் மாறும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி அகப்படாது. இன்னொன்று, டெஸ்ட் நடுவராக இருந்த ராமசாமி வேறு ஒருவர், காலமும் வேறு. பெயர் மட்டும் பார்த்து இணைத்துவிடாதீர்கள், பிறந்த தேதியைச் சரிபாருங்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள். புச்சிபாபு (1868–1908) இல்லாமல் மகன் கதை நிற்காது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் கிளப் மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உடை மாற்றி, மரத்தடியிலேயே சாப்பிட, வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதிலாக அவர் 1888-இல் கட்டியதுதான் மெட்ராஸ் யுனைடெட் கிளப். மட்டை, பந்து, உடை எல்லாம் கொடுத்துப் பையன்களை ஆட வைத்தார். ஐரோப்பியரோடு சமமாக ஒரு ஆட்டம் நடக்க வேண்டும் என்று முயன்றவர், அதைப் பார்க்காமலே 1908-இல் போய்விட்டார். அவர் பெயரில் இன்றும் புச்சிபாபு நினைவுப் போட்டி நடக்கிறது. அப்பா போனபோது ராமசாமிக்கு 12 வயது. ஏழு வருடம் கழித்து, 1915-16-இல், அதே சேப்பாக்கத்தில் முதல்தர ஆட்டம் ஆடத் தொடங்கினார். இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், உரை வேண்டாம்.

டென்னிசுக்கு வருவோம். பிரசிடென்சி கல்லூரிக்குப் பின் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவர் ஆடியது டென்னிஸ். பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியில் இடம் பிடித்தார் என்று யாராவது எழுதியிருந்தால் தப்பு. 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை. டாக்டர் ஏ.ஹெச். ஃபைஸியோடு சேர்ந்து இரட்டையர். இந்தியா ருமேனியாவை வென்றது, அடுத்து ஸ்பெயினிடம் தோற்றது. அந்தக் காலத்து டேவிஸ் கோப்பைச் சந்திப்பு என்றால் ஐந்து ஆட்டம்: ஒற்றையர் நாலு, இரட்டையர் ஒன்று. ஐந்தில் மூன்று எடுத்தவர் வெற்றி. இந்த அமைப்பை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "இரட்டையர் மட்டும்தானா" என்று பையன்கள் இளக்காரமாக நினைப்பார்கள். ஒற்றையர் நாலும் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் சந்திப்பைத் தீர்மானிப்பது அந்த ஒரு இரட்டையர் ஆட்டம்தான்.

இதில் கவனியுங்கள்: 1922-இல் இந்தியாவுக்கு டென்னிஸ் அணி இருந்தது, கிரிக்கெட் டெஸ்ட் அணி இல்லை. ஸ்கோர்புத்தகம் சார் சொன்னதற்கு இது இன்னொரு சான்று. நாட்டுக்காக ஆடத் தகுதி 26 வயதிலேயே இருந்தது. டென்னிசில் கதவு திறந்திருந்தது, கிரிக்கெட்டில் இன்னும் கட்டவே இல்லை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் 14 வருடம்.

---

ஹாஃப்பேக் பதில்:

சின்னச் சேர்க்கை. "இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடிய ஒரே சென்னைக்காரர்" என்று எழுத வேண்டாம். எம்.ஜே. கோபாலன் இருக்கிறார், ஹாக்கியும் கிரிக்கெட்டும். 1934 ஜனவரியில் கல்கத்தா டெஸ்ட் ஆடினார், அது ஒன்றுதான் அவருக்கு. 4 நவம்பர் 1934 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸ்–மைசூர் ஆட்டத்தில் ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தைப் போட்டவரும் அவர்தான். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது, ஏ.ஜி. ராம்சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். 1935-இல் தியான்சந்த் இருந்த ஹாக்கி அணியோடு கோபாலன் நியூசிலாந்து போனார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஒரு பக்கம், இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் ஒரு பக்கம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அதே கப்பலில்தான் ராமசாமியின் கதையும் வருகிறது, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பயணத்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. 15 ஆகஸ்ட் 1936 சனிக்கிழமை ஓவல் டெஸ்டின் முதல் நாள். ராமசாமி பதினொருவரில் உண்டு, கோபாலன் இல்லை. அதே நாள் பெர்லினில் ஹாக்கி இறுதி, இந்தியா ஜெர்மனியை 8–1 என்று அடித்துத் தங்கம் எடுத்தது. முந்தைய நாள் மழையால் தள்ளிப்போனதால் அந்தத் தேதிக்கு வந்த ஆட்டம். கோபாலனுக்கு இதைவிட வலிக்கிற தேதிப்பொருத்தம் இருந்திருக்க முடியாது.

டெஸ்டும் டேவிஸ் கோப்பையும் என்று குறிப்பாகச் சொன்னால் ராமசாமிக்குத் துணை வெஸ்ட் இண்டீஸ் விக்கெட்கீப்பர் ரால்ஃப் லீகால் ஒருவர்தான். லீகால் டெஸ்ட் ஆடியது 1953-இல், இந்தியாவுக்கு எதிராக. அந்தப் பயணத்தில் ஹசாரே தலைமையில் போன இந்திய அணிக்கு மேனேஜர் யார் என்று பாருங்கள்: ராமசாமி. அந்த அபூர்வப் பட்டியலின் இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் இருந்திருக்கிறார்கள்.

---

வெள்ளைச்சட்டை பதில்:

எல்லோருக்கும் நன்றி. கணக்கைப் படித்த பிறகு என் முதல் பத்தியையே கிழித்துப் போட வேண்டியதாயிற்று. இரண்டு சந்தேகம் மீதி. மான்செஸ்டர் ஸ்கோர்கார்டில் 203 என்ற எண் இரண்டு இடத்தில் வருகிறது, அச்சுப் பிழையா? அமெச்சூர் என்பதை அந்த ஸ்கோர்கார்டிலேயே காட்ட முடியுமா?

---

ஸ்கோர்புத்தகம் பதில்:

அச்சுப் பிழை இல்லை. இந்தியா முதல் இன்னிங்ஸில் 203 ஆல் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி தொடக்கக் கூட்டும் 203. பத்து விக்கெட்டும் சேர்ந்து எடுத்ததை இரண்டு பேர் எடுத்தார்கள். பிழை என்று நினைத்து யாரும் "திருத்தி"விடாமல் பக்க வடிவமைப்பாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அந்த ஆட்டத்தை விரித்து எழுதுவது தகும். 1936-இல் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட்கள் மூன்று நாள் ஆட்டம். ஜூலை 25 சனி, 26 ஞாயிறு ஓய்வு, 27 திங்கள், 28 செவ்வாய். தேதியைக் கழித்துப் பார்த்து நாலு நாள் என்று எழுதுவது இந்தக் காலத்து ஆட்டங்களில் வழக்கமாக நடக்கிற பிழை. ஓவலும் அப்படித்தான்: ஆகஸ்ட் 15, 17, 18.

முதல் நாள் இந்தியா 203, இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 173. ராமசாமியின் 40 இந்த 203-இல் வருகிறது, அணியின் ஐந்தில் ஒரு பங்கு. திங்கட்கிழமை இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 வரை போய் டிக்ளேர் செய்தது, ஹாமண்ட் 167. அன்றைக்கு மட்டும் அவர்கள் சேர்த்தது 398. மீதி நேரத்தில் இந்தியா விக்கெட் இழப்பின்றி 190. மொத்தம் 588. ஒரே நாளில் டெஸ்டில் அடித்த ரன்களில் இன்று வரை இதுதான் உச்சம்.

செவ்வாய் காலையில் நிலைமை இது: பின்தங்கியது 368, கையில் 190. தொடக்கக் கூட்டு 203-இல் உடைந்தபோது இன்னும் 165 பின்னால். முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114, இருவர் சதமும்தான் பேசப்படும். ஆனால் அந்த இடத்தில் மளமளவென்று விக்கெட் விழுந்திருந்தால் இன்னிங்ஸ் தோல்வி நிச்சயம். ராமசாமியின் 60 அந்தப் பள்ளத்தை நிரப்பிய ரன்களில் சேர்ந்தது. சி.கே. நாயுடு 34, அமர் சிங் ஆட்டமிழக்காமல் 48. முடிவில் 5 விக்கெட்டுக்கு 390, இந்தியா 22 ரன் முன்னால், டிரா. தொடரில் தோற்காத ஒரே டெஸ்ட் இதுதான். லார்ட்ஸிலும் ஓவலிலும் 9 விக்கெட் தோல்வி.

ஓவலின் 41-ஐயும் விடாதீர்கள். இந்தியா 312 ஆல் அவுட், அதில் இவர் நாட் அவுட். அதாவது கூட நிற்க ஆள் தீர்ந்துபோனது. சராசரியைத் தூக்கிவிட்ட நாட் அவுட் என்று குறைசொல்ல இடமில்லை. தோல்வியைத் தள்ளிப்போட்ட இன்னிங்ஸ் அது. இந்தியா 222, 312. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 471 டிக்ளேர், பிறகு 1 விக்கெட்டுக்கு 64.

அமெச்சூர் அடையாளம் பற்றி. அந்தக் காலத்து இங்கிலாந்து ஸ்கோர்கார்டில் பெயர் அச்சிடும் முறையே சாதி சொல்லும். சம்பளம் வாங்காத அமெச்சூருக்கு முதலெழுத்து முன்னால்: ஜி.ஓ. ஆலன், ஆர்.டபிள்யூ.வி. ராபின்ஸ். சம்பளக்காரருக்கு வெறும் பெயர், அல்லது முதலெழுத்து பின்னால்: வெரிட்டி, டக்வொர்த், ஹாமண்ட். மான்செஸ்டரில் 167 அடித்த அதே ஹாமண்ட் பின்னர் அமெச்சூராக மாறி 1938-இல் டபிள்யூ.ஆர். ஹாமண்ட் என்று இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கினார். ஆட்டம் மாறவில்லை, எழுத்து இருந்த இடம் மாறியது. பல மைதானங்களில் உடை மாற்றும் அறையும் களத்துக்குள் வரும் வாசலும்கூட வேறு வேறு. 1962 நவம்பரில்தான் இங்கிலாந்தில் இந்தப் பிரிவை எடுத்தார்கள். பின்னாளில் மறு அச்சான ஸ்கோர்கார்டுகள் எல்லோருக்கும் ஒரே முறையில் பெயர் போட்டிருக்கும், அதில் இந்த வேறுபாடு அழிந்துபோயிருக்கும். பையன்களுக்குக் காட்ட அந்தக் காலத்து அச்சின் படம்தான் வேண்டும்.

இந்திய அணியில் இந்தக் கோடு இவ்வளவு நேராக இல்லை. அமர் சிங் லங்காஷயர் லீகில் கோல்ன் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர், இந்திய அணிக்கும் அதே கோடையில் ஆடினார். அணித்தலைவர் விஸ்ஸி, அதாவது விஜயநகரம் சமஸ்தான இளவரசர், ஆட்டத்தால் அல்ல, அந்தஸ்தால் தலைவரானவர். லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்கு அனுப்பிவைத்த பயணமும் இதுவே. ராமசாமி வேளாண்மைத் துறை அதிகாரி, பிழைப்பு அங்கே. ஆட்டம் விடுப்பில். அமெச்சூர் என்றால் பொழுதுபோக்குக்கு ஆடியவர் என்று எழுதாதீர்கள். வருமானம் வேறு இடத்திலிருந்து வந்தது, அதனால் ஆடுவதா இல்லையா என்பது விடுப்பைப் பொறுத்தது என்று எழுதுங்கள். டென்னிசில் இது இன்னும் கறார். 1968 வரை பெரிய போட்டிகளில் பரிசுப் பணம் வாங்குபவருக்கு இடமே இல்லை.

---

லஸ்முனை பதில்:

இறப்பு பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கவனமாக எழுத வேண்டிய இடம்.

முதுமையில், 90 வயதை ஒட்டி, சென்னையில் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. அதனால்தான் கிரிக்கெட் பதிவேடுகள் அவரை "இறந்ததாகக் கருதப்படுபவர்" என்று வைத்திருக்கின்றன. 1990 ஜனவரி என்று நீங்கள் பார்ப்பது அந்தக் கருத்தின்மேல் போட்ட தேதி, இடுகாட்டுப் பதிவோ மருத்துவச் சான்றோ இல்லை. கேள்விக்குறி போட்டவர்கள் சோம்பலால் போடவில்லை.

நம் நாட்டுச் சாட்சியச் சட்டப்படி ஏழு வருடம் ஒருவரைப் பற்றி, வழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அந்த அனுமானம் "இறந்துவிட்டார்" என்பதோடு நிற்கும். எந்த நாளில் இறந்தார் என்று அது சொல்லாது, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஆகவே அடைப்புக்குறிக்குள் "1896–1990" என்று மொட்டையாகப் போடாதீர்கள். "பிறப்பு: 16 ஜூன் 1896, சென்னை. முதுமையில் காணாமற்போனார், 1990-இல் இறந்ததாகப் பதிவேடுகள் கொள்கின்றன" என்று போடுங்கள். இடம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை. வயதைக் கணக்கிட்டு "93 வயதில் மறைந்தார்" என்று சேர்க்கவும் வேண்டாம்.

இதை மர்மக்கதை மாதிரி தலைப்பில் தூக்கிவைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இவரைப் பற்றி வருகிற குறிப்புகளில் பாதி காணாமற்போனதில்தான் தொடங்குகின்றன, 588 ரன் நாளுக்கு மறுநாள் அடித்த 60 கடைசி வரிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு முதியவர் வீடு திரும்பாதது அந்தக் குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்து, இரண்டு வரியில் மரியாதையாகச் சொல்லிவிட்டு நகருங்கள். பயண மேனேஜராகவும் தேர்வாளராகவும் இருந்தார், தன் ஆட்ட வாழ்க்கையைத் தானே ஒரு புத்தகமாக எழுதிவைத்தார் என்பதற்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

---

வெள்ளைச்சட்டை பதில்:

முதல் பத்தி இப்படி மாற்றியிருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்:

"சி. ராமசாமி இந்தியாவுக்காக முதலில் ஆடியது டென்னிஸ், 1922 டேவிஸ் கோப்பை. அப்போது அவருக்கு 26 வயது, இந்தியாவுக்கு டெஸ்ட் அணி இல்லை. அது உண்டானபோது அவருக்கு 36. அணியில் இடம் கிடைத்தபோது 40. இடது கை ஆட்டக்காரரான அவர் இங்கிலாந்தில் நான்கு நாள் டெஸ்ட் இரண்டில் 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41 எடுத்தார். அதன்பின் பத்து வருடம் இந்தியா டெஸ்டே ஆடவில்லை."

---

ஸ்கோர்புத்தகம் பதில்:

"நான்கு நாள்" என்பதை "மூன்று நாள்" ஆக்குங்கள், ஞாயிறு மறுபடி உள்ளே வந்துவிட்டது. "26 வயது" கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்: 1922 ஜூன் 16-க்கு முந்தைய ஆட்டம் என்றால் 25. ஆட்டத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், இல்லையென்றால் வயதை எடுத்துவிட்டு ஆண்டை மட்டும் விடுங்கள். "லஸ்முனை" மேலே 26 என்றதற்கும் இது பொருந்தும். கடைசி வரி அப்படியே இருக்கட்டும்.